எட்டு வரிசை இலை

தீர்த்தகிரி அண்ணன் வேலைக்கு வராமல் அன்றோடு இருபத்தாறு நாள். நான் காலண்டரில் குறித்து வைக்கவில்லை. தினப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடும் கட்டம் இருபத்தாறு பக்கங்களில் காலியாக இருந்தது. தினமும் அந்தப் பக்கத்தைத் திருப்புவது என் வேலை.

மாரண்டஹள்ளியிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, இளம் பட்டுப்புழு வளர்க்கும் மையம் ஒன்றில் இருக்கிறேன். முட்டை பொரிந்ததிலிருந்து புழு இரண்டு முறை தோல் உரிக்கும் வரை நாங்கள் வளர்ப்போம். பிறகு விவசாயிகள் வந்து தட்டுத் தட்டாக வாங்கிப் போவார்கள். தோல் உரிக்கப் புழு அசையாமல் படுப்பதை இங்கே ஜொரம் என்பார்கள். முதல் ஜொரம், இரண்டாம் ஜொரம். நான் வேதியியல் படித்தவள். சூடு எத்தனை, ஈரம் எத்தனை, எந்த வரிசையிலிருந்து எத்தனை கிலோ இலை வந்தது என்று எழுதுவதும், சுண்ணாம்பும் பிளீச்சிங் கரைசலும் அளந்து கொடுப்பதும் என் பொறுப்பு. இலை பறித்து வருவது தீர்த்தகிரி அண்ணன் பொறுப்பு. அவர் பதின்மூன்று வருடமாக அதைச் செய்தார். நான் வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது.

எங்கள் மல்பெரித் தோட்டத்துக்குக் கிழக்கே சென்றாயன் அண்ணனுடைய தக்காளிக் காடு. அவர் தக்காளிக்கு மருந்து அடித்தால் எல்லைக் கம்பத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டுவார். துணி இருக்கும் வரை அந்தப் பக்கத்து எட்டு வரிசையில் நாங்கள் இலை தொடக் கூடாது. மருந்துக் காற்று பட்ட இலையைத் தின்றால் புழு நிற்காது. பதினைந்து நாள் கணக்கு. ஆனாலும் கட்டியவரே வந்துதான் அவிழ்க்க வேண்டும். இதை யாரும் எழுதி வைத்ததில்லை. புழு வளர்ப்பவரும் காய்கறி போடுபவரும் பக்கம் பக்கமாக இருக்கும் இந்த ஊர்களில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கத்துக் காட்டுக்காரரோடு பேச்சு வார்த்தை இல்லாதவர்கள்கூடத் துணி கட்டத் தவறுவதில்லை.

அந்த முறை சென்றாயன் அண்ணன் துணி கட்டிய நாளை நான் எழுதியிருந்தேன். 'கிழக்கு எல்லை, துணி.' அவ்வளவுதான்.

அதற்கு அடுத்த வாரம் எங்கள் சர்ச்சில் இளைஞர்களுக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். வேதாகமத்தில் அதிகம் பேசப்படாத படைத்தலைவர்களைப் பற்றி ஆளுக்கு நாலு நிமிடம் பேச வேண்டும். எனக்கு வந்த சீட்டில் சம்மா என்று இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பாஸ்டரம்மாவிடம் போனேன். அவர்கள் ஏதோ கேட்க, தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அதனால் இலை நறுக்கும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா சயின்ஸு, எலைக்கு மந்திரம் போடற?" என்றார் தீர்த்தகிரி அண்ணன். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை.

தட்டு கழுவிக்கொண்டிருந்த காசியம்மாள் அக்கா முந்திக்கொண்டு சொன்னார். "ஞாயித்துக்கெழம சர்ச்சுல பேசணுமாம். இந்தப் புள்ளைக்கு ஃபோன் அடிச்சாலே எடுத்துப் பேசாது, மெசேஜு அனுப்பும். மைக்கக் குடுத்தா மயங்கி வுழுந்துரும் பாரு."

"யாரப் பத்திப் பேசணும்?"

"சம்மான்னு ஒருத்தருண்ணா. தாவீது ராஜாவோட படைத்தலைவர்."

"நான் கேள்விப்பட்டதில்லியே."

"யாருக்கும் அவ்வளவாத் தெரியாதுங்கண்ணா. அவரப் பத்தி ரெண்டே வசனம்தான் இருக்குது."

"ரெண்டு வரிக்கா மூணு நாளா முணுமுணுக்கற? சொல்லு, என்னா பண்ணான்?"

சொன்னேன். ஒரு சிறுபயறு வயல். எதிரிகள் கூட்டமாக வந்தார்கள். கூட இருந்தவர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். சம்மா மட்டும் வயலின் நடுவில் நின்றான். அந்த வயலைக் காப்பாற்றினான். அவ்வளவுதான் கதை.

அவர் இலைக் கட்டைப் பிரித்து ஈரச் சாக்கால் மூடினார். "பயறா? ரெண்டு மழ தப்புனா காஞ்சு போற பயிரு. அதுக்கா உசுரக் குடுத்து நின்னான்?"

"ஆமாங்கண்ணா."

"அது அவன் காடா?"

எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அந்த இரண்டு வசனத்தையும் மறுபடி படித்தேன். யாருடைய வயல் என்று இல்லை. மறுநாள் அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப அவன் காடா இருக்காது," என்றார். "அவன் காடா இருந்தா எழுதியிருப்பாங்க."

"நீயுந்தான் ஊரான் தோட்டத்து எலைக்கு நாயா அலையற," என்றார் காசியம்மாள் அக்கா. "உன்னப் பத்தி எவன் எழுதறான்?"

"ஏன், சயின்ஸு எழுதுதே! தெனமும் எழுதுது. காலைல ஆறு மணி, நாப்பது கிலோ, தீர்த்தகிரி." அவர் சிரித்தார். "ரெண்டு வரிக்கு மேலயே இருக்கும்."

அந்த முறை, மையத்தை நடத்தும் சிவக்குமார் சார் வழக்கத்தைவிட அதிகமாக முட்டை எடுத்திருந்தார். மழை இல்லை. மேற்குப் பக்கத்தில் கொழுந்து இலை குறைந்துகொண்டே வந்தது. முதல் ஜொரம் முடிந்த புழு கொழுந்தைத்தான் தின்னும்; முற்றிய இலையைப் போட்டால் மேலே ஏறாது, வாடிக் கிடக்கும். கிழக்கே எட்டு வரிசையும் தளதளவென்று நின்றது. தீர்த்தகிரி அண்ணன் தினமும் அது வரை போய்ப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருவார்.

"துணி கெடக்குதுங்க சார்."

"நாளு ஆயிருக்குமேப்பா?"

"ஆயிருக்கும். சென்றாயன் வந்து அவுக்கட்டும்."

சென்றாயன் அண்ணன் ஊரில் இல்லை. மகளுக்குப் பிரசவம் என்று ஓசூர் போயிருந்தார். அவருடைய ஃபோன் நம்பர் எங்கள் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கும். "யாராச்சும் ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே சார் பைக்கை எடுத்துக்கொண்டு போனார். யாராச்சும் என்றால் யார் என்று அவர் சொல்லவில்லை. அது துணி கட்டிய பதினாறாம் நாள்.

பதினேழாம் நாள் காலை ஆறரைக்கு தீர்த்தகிரி அண்ணன் இரண்டு கட்டு கொழுந்து இலையோடு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "சென்றாயன் வந்துட்டாப்பல. துணிய அவுத்துட்டான்," என்றார். நான் எழுதினேன். கிழக்கு, ஒன்று முதல் எட்டு. நாற்பத்திரண்டு கிலோ. தீர்த்தகிரி. அவர் கையெழுத்துப் போட்டார். நாங்கள் மூன்று பேரும் நறுக்கினோம். எட்டு மணிக்கு எல்லாத் தட்டிலும் இலை போட்டு முடித்தோம். புழு இலை தின்னும் சத்தம் தூறல் விழுவதுபோல இருக்கும். அன்று அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது. பசியோடு இருந்தன.

பத்தரை மணிக்குச் சத்தம் இல்லை.

காசியம்மாள் அக்காதான் முதலில் பார்த்தார். முதல் தட்டில் புழுக்கள் தலையைத் தூக்கி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தன. வாயில் பச்சைத் தண்ணீர். அடுத்த தட்டிலும் அப்படியே. அதற்கடுத்த தட்டில் ஆட்டம்கூட நின்றிருந்தது. ஒரு பென்சில் முனை அளவு புழுக்கள். தட்டுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். பன்னிரண்டு மணிக்குள் கொட்டகை முழுவதும் முடிந்தது.

சார் வந்தார். அந்த வாரம் புழு வாங்க வேண்டிய விவசாயிகளில் ஏழெட்டுப் பேர் கேள்விப்பட்டு வந்தார்கள். வெயில் ஏற ஏற நாற்றம் தாங்க முடியவில்லை. எல்லாரும் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள். காசியம்மாள் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன்.

தீர்த்தகிரி அண்ணன் மட்டும் உள்ளே இருந்தார். குழி வெட்டினார். ஒவ்வொரு தட்டாகத் தூக்கி வந்து குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவினார். இருநூறு தட்டு. ஒருவரும் உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அவர் போகும்போதும் வரும்போதும் செருப்பில்லாத கால் மோட்டார் ரூம் சுவருக்கு அப்பால் தெரிந்தது. மூன்று மணி வரை தெரிந்தது.

சென்றாயன் அண்ணன் மத்தியானம்தான் ஓசூரிலிருந்து வந்து இறங்கினார். பஸ்ஸிலிருந்து நேராக எங்களிடம் வந்தார். கையில் இன்னும் பை.

"நான் அவுக்கல," என்றார். "நாலு நாளு நான் ஊருலயே இல்ல. நான் கட்டின துணிய எவன் அவுத்தான்?"

"பதினஞ்சு நாளு ஆயிருச்சேப்பா," என்றார் சார்.

"பதினோராம் நாளு மறுபடியும் அடிச்சனே! தக்காளியில ஊசிப்புழு வுடல. துணிதான் ஏற்கெனவே கெடக்குதேன்னு அப்பிடியே வுட்டுட்டு ஓசூரு போனன். அதுல என்னா தப்பு? அதுக்குத்தான கட்டுனவன் அவுக்கணும்கறது?"

அதில் தப்பு இல்லை. அங்கே நின்ற எல்லாருக்கும் அது தெரிந்தது. சார் தீர்த்தகிரி அண்ணன் பக்கம் திரும்பினார்.

"காலைல நான் போறப்ப துணி இல்லீங்க சார். சென்றாயன்தான் வந்து அவுத்திருக்கறான்னு நெனச்சன்."

"நான்தான் ஊர்ல இல்லன்னு சொல்றனே!"

"நீ ஊர்ல இல்லன்னு நான் சொல்லல சென்றாயா. துணி இல்லன்னு சொல்றன்."

"காசியம்மா, நீ அவுத்தியா?"

"அந்தப் பக்கமே நான் போறதில்லீங்க சார். அங்க பாம்பு இருக்குது."

சார் அதோடு நிறுத்திக்கொண்டார். என்னைக் கேட்கவில்லை. பதிவேட்டை மார்போடு பிடித்துக்கொண்டு அவருக்கு இரண்டடி பக்கத்தில்தான் நின்றிருந்தேன். ஒன்றரை வருடத்தில் என்னை அவர் எதுவும் கேட்டதில்லை, பதிவேட்டைத்தான் கேட்பார்.

"கொழுந்து எலையப் பாத்ததும் கை நிக்கலயா?" என்றார் ஒரு விவசாயி. "துணி கண்ணுக்குத் தெரியலயா, இல்ல அவுத்துப் போட்டுட்டுப் பறிச்சியா?"

தீர்த்தகிரி அண்ணன் மண்வெட்டியை மரத்தில் சாய்த்து வைத்தார். கை முழங்கை வரை வெள்ளையாகச் சுண்ணாம்பு.

துணி தானாக அவிழ்ந்து விழாது. மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. அதை அவிழ்த்தது யார் என்று எனக்குத் தெரியும். தீர்த்தகிரி அண்ணன் இல்லை என்றும் தெரியும். சொன்னால் ஒருவருக்கு வேலை போகும். சொல்லாவிட்டாலும் ஒருவருக்கு வேலை போகும். அன்று நான் சொல்லவில்லை.

"நாளையிலேருந்து வேற ஆளு பாத்துக்கறன்," என்றார் சார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தீர்த்தகிரி அண்ணன் சட்டையை எடுக்கக் கொட்டகைக்குள் போனார். வாசலில் கிருமி கொல்லும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். உள்ளே போகிறவர்கள் அதில் கால் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உள்ளே உயிரோடு ஒரு புழுவும் இல்லை. அவர் அன்றும் நின்று, ஒரு காலை நனைத்து, மறு காலையும் நனைத்துவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேசினேன். நாலு நிமிடம். எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தேன். பெரிய போர்க்களத்தில் அல்ல, ஒரு சின்னப் பயறு வயலில் சம்மா நின்றான் என்றேன். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டது சின்னதா பெரியதா என்று அவன் பார்க்கவில்லை என்றேன். ஓடிப்போனவர்கள் ஒருவர் பெயரும் வேதாகமத்தில் இல்லை, நின்றவன் பெயர் மட்டும் இருக்கிறது என்று முடித்தேன். பின் வரிசையிலிருந்து யாரோ சத்தமாக ஆமென் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நம்ம கனியா இது? இத்தன நாளு இதெல்லாம் எங்க வெச்சிருந்த?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு வந்தார். நான் வேறு ஒன்றை நினைத்துக்கொண்டு நடந்தேன். ஓடியவர்கள் பெயர் எழுதப்படவில்லை என்று மைக்கில் சொன்னபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் உண்மை. பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு நிம்மதியாக இருந்தது.

வீட்டில் அந்த இரண்டு வசனத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சண்டை முடிந்த பிறகு ஓடியவர்கள் திரும்பி வந்தார்களா? அந்த வயலில் தனியாக நின்றவனிடம் யாராவது போய் ஏதாவது சொன்னார்களா? அதுவும் இல்லை.

கொட்டகையைக் கழுவி, பிளீச்சிங் கரைசல் அடித்து, மூடிப் போட்டோம். பத்து நாள் கழித்து அடுத்த முட்டை வந்தபோது மாயவன் என்று ஒருவர் இலை பறிக்க வந்தார். நல்ல மனிதர். கொழுந்துக்கும் அடுத்த இலைக்கும் வித்தியாசம் தெரியாது. காசியம்மாள் அக்கா ஒரு கட்டில் பாதியைக் கழித்து வீசுவார். "எலை பறிக்கச் சொன்னா ஆட்டுக்குத் தழ ஒடிச்சிட்டு வருது," என்று முனகுவார். அப்புறம், "அவன் இருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்திவிடுவார். காசியம்மாள் அக்காவும் தீர்த்தகிரி அண்ணன்தான் அவிழ்த்தார் என்று நம்பினார்.

அண்ணன் வேலைக்கு வராத இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் நஞ்சம்மாள் அக்கா வந்தார். தீர்த்தகிரி அண்ணனுடைய மனைவி. அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததில்லை. வெளியாட்கள் கொட்டகைக்குள் வரக் கூடாது என்று தெரிந்து, வாசலுக்கு அந்தப் பக்கமே நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீதான சயின்ஸு புள்ள?"

"ஆமாங்கக்கா."

"நோட்டு எழுதறது நீதான்னு சொன்னாரு. அதக் கொஞ்சம் பாத்துச் சொல்லு சாமி. அந்தத் துணி பத்தி அதுல என்னா எழுதியிருக்குது?"

எடுத்து வந்து பிரித்தேன். துணி கட்டிய நாளைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது விரலை வைத்த இடத்தில் தெரிந்தது. படித்துக் காட்டினேன்.

"அவுத்தது?"

"அது எழுதலீங்கக்கா."

"எழுதறது நீதானம்மா?"

"நாந்தானுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தைத் திருப்பினேன். அவர் பெருமூச்சு விட்டு, "செரி, நீ என்னா பண்ணுவ, சொன்னத்தான எழுதுவ," என்றார்.

அவர் போகவில்லை. வாசல்படிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டார்.

"மண்டியில தக்காளிக் கூடை தூக்கறாரு. இடுப்பு புடிச்சுக்குது. அதுகூடப் பரவால்லம்மா. புழு போன ஆளுங்க அங்கதான வர்றாங்க? எல்லாரும் தக்காளியும் போடறவங்கதான. 'என்னா தீர்த்தகிரி, இந்தக் கூடையில மருந்து இல்லியே?'ன்னு கேட்டுச் சிரிக்கறாங்களாம். வேற எந்தப் புழு வூட்டுலயும் இவர வேலைக்குக் கூப்புடல. பதிமூணு வருசம் இந்த எலையோட கெடந்தாரு."

நான் பதிவேட்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"மொதல்ல வூட்டுக்கு வந்து கத்துவாரு. நான் அவுக்கல, நான் அவுக்கலன்னு. இப்ப கத்தறதில்ல. ரோட்டுல போறப்ப எந்தக் காட்டுல துணி கட்டியிருந்தாலும் போயி முடிச்சத் தொட்டுப் பாக்கறாரு. முந்தா நாளு என்னக் கேக்கறாரு, 'ஏன்டி, நானே அவுத்துட்டு மறந்துட்டனா?'ன்னு."

நான் பதிவேட்டை மூடினேன்.

"நாளைக்கு மூணு மணிக்கு வரச் சொல்லியிருக்கறாரு சாரு. சென்றாயன் முன்னாடி, புழு வாங்கறவங்க முன்னாடி, நாந்தான் அவுத்தன்னு ஒத்துகிட்டா மறுபடியும் சேத்துக்கறாராம். ஒத்துக்கலன்னா இந்தப் பேச்சு ஓயாதுங்கறாரு. நாந்தான் போகச் சொன்னன். பொய்யா நெசமா, சொல்லிட்டு வந்துரட்டும். மனுசன் வேணுமில்ல எனக்கு?"

அண்ணன் அவிழ்க்கவில்லை என்ற வார்த்தை என் தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது, "தண்ணி குடிக்கறீங்களாக்கா?" என்பதுதான்.

"வேணாஞ் சாமி," என்று எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு போனார்.

மறுநாள், அந்த இருபத்தாறாம் நாள், தீர்த்தகிரி அண்ணன் மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்துவிட்டார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கல்யாணத்துக்குப் போகிறவர்போல இருந்தார். முகம் மட்டும் சின்னதாகிவிட்டிருந்தது. வேப்பமரத்தடியில் சார், சென்றாயன் அண்ணன், விவசாயிகள் மூன்று பேர். கொஞ்சம் தள்ளி மாயவன். காசியம்மாள் அக்கா கை துடைத்துக்கொண்டு வந்து நின்றார். நான் பதிவேட்டோடு நின்றேன். சார்தான் அதை எடுத்து வரச் சொன்னார்.

"உக்காருப்பா," என்றார் சார்.

"இருக்கட்டுங்க சார்."

"எல்லாரும் இருக்கறாங்க. சொல்லிரு. சொல்லிட்டா முடிஞ்சுது."

தீர்த்தகிரி அண்ணன் சென்றாயன் அண்ணனைப் பார்த்தார். பிறகு கிழக்கே அந்தக் கம்பம் இருந்த திசையைப் பார்த்தார்.

"துணிய நாந்தாங்க அவுத்தன்."

எங்கேயோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கே இதச் சொல்லியிருந்தா?" என்றார் சென்றாயன் அண்ணன். கோபம் இல்லை, குரல் இறங்கியிருந்தது. "நம்ம ரெண்டு பேரும் எத்தன வருசமாப் பக்கம் பக்கமா இருக்கறம். என்ன ஏன்யா பொய்யனாக்குன?"

"மன்னிச்சுக்க சென்றாயா."

"செரி, வுடுங்க. ஒத்துகிட்டாரில்ல," என்றார் மூன்று பேரில் மூத்தவர். "எலை தெரிஞ்ச ஆளு வேணும் நமக்கும்."

"எப்பப்பா அவுத்த?" என்று இன்னொருவர் சும்மா கேட்டார். "காலைலயா, மொத நாளா?"

தீர்த்தகிரி அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டை நனைத்து, தேடினார்.

"நெனவு இல்லீங்க," என்றார். "ராத்திரியும் பகலும் நெனச்சுப் பாத்துட்டன். அவுத்த மாதிரி நெனவே வரமாட்டேங்குது. ஆனா நாந்தான் அவுத்திருக்கணும். வேற யாரு இருக்கறா? சென்றாயன் ஊர்ல இல்ல. காசியம்மா அந்தப் பக்கம் போகாது. நாந்தான். கண்ணுக்கு நேரா அவுத்துட்டு மறந்துட்டனாட்டம் இருக்குது. எனக்கு இப்ப என்மேலயே நம்பிக்க இல்லீங்க. அதனால எலை நான் பறிக்கறன், ஆனா கூட யாராச்சும் வந்து ஒரு தடவ பாத்துக்கங்க."

காசியம்மாள் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சார் தொண்டையைக் கனைத்தார். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம். திங்கக்கெழம முட்ட வருது. வந்துரு." என் பக்கம் பார்க்காமலே கை நீட்டி, "கனி, திங்கக்கெழமையிலேருந்து எலைக்கு இவர் பேர எழுதிக்க," என்றார்.

பதிவேட்டைப் பிரித்தேன். பேனா மூடியைத் திறந்தேன். எழுதினால் போதும். எழுதிவிட்டால் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்துவிடும். சென்றாயன் அண்ணனுக்கு மனம் ஆறிவிட்டது. விவசாயிகளுக்கும் ஆறிவிட்டது. நஞ்சம்மாள் அக்கா கேட்டதும் அதுதான். யாரும் என்னை எதுவும் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அவர் இலைக் கட்டோடு வருவார். என்னிடம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளச் சொல்வார். நான் பார்ப்பேன். தினமும் பார்ப்பேன். தன்மேல் நம்பிக்கை போன மனிதர் என் பக்கத்தில் உட்கார்ந்து இலை நறுக்குவார்.

அவர் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார். என்னையும் பார்த்துக் கும்பிட்டார்.

"சார்," என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. விவசாயிகள் எழுந்து துண்டை உதறத் தொடங்கியிருந்தார்கள்.

"சார்."

"என்னம்மா?" என்றார் காசியம்மாள் அக்கா. "இந்தப் புள்ள என்னமோ சொல்லுது, நில்லுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். தீர்த்தகிரி அண்ணனும் திரும்பினார். பேனா கீழே விழுந்தது. அதை எடுக்கக் குனிந்தால் பிறகு நிமிர மாட்டேன் என்று தெரிந்தது. குனியவில்லை.

"அண்ணன் அவுக்கல சார்," என்றேன். "அவரு எதையும் மறக்கல. துணி கட்டுன பதினாறாம் நாளு சாயந்தரம், பதினஞ்சு நாளு முடிஞ்சிருச்சுன்னு எண்ணிப் பாத்துட்டு, சென்றாயன் அண்ணனுக்கு ஃபோன் போட்டுப் பேசக் கூச்சப்பட்டுகிட்டு, அந்தத் துணிய நாந்தான் அவுத்தன்."